திருப்பி வாங்காத குரல்

மைக்கின் தலையில் மாட்டியிருந்த பஞ்சு உறை ஈரமாக இருந்தது. ஈரம் மட்டும் என்றால் சிட்டு அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். துடைத்திருப்பார்கள், காயவில்லை என்று விட்டிருப்பாள். அது சூடாகவும் இருந்தது. யாரோ உதட்டை அதில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பேசிவிட்டு, இந்த நிமிஷம்தான் அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தது போன்ற சூடு. நாள் முழுக்க மைக்கின் முன்னால் நின்று சம்பாதிக்கிறவளுக்கு அந்தச் சூடு பழக்கமானதுதான். டப்பிங் அறையில் முன்னால் பேசியவர் வெளியே வந்த கையோடு உள்ளே போனால், மைக்கைச் சுற்றி ஒரு கையகலக் காற்று வெதுவெதுப்பாக நின்றுகொண்டிருக்கும். அவர் மதியம் என்ன சாப்பிட்டார் என்பது வரை அது சொல்லிவிடும். இந்த உறையில் சாப்பாட்டு வாசனை எதுவும் இல்லை. தூங்கி எழுந்த வாயின் வாசனை இருந்தது. வெகுநாள் திறக்காமல் இருந்த வாய்.

"எங்களுக்கு முன்னாடி இங்க யாருங்க இருந்தாங்க?" என்று தண்ணீர்க் குவளைகளை வைத்துக்கொண்டிருந்த கரோக்கிக் கூடத்துப் பணிப்பெண்ணைக் கேட்டாள்.

"யாரும் இல்லையே மேடம். ஏசி வேலை செய்யலைன்னு இந்த ரூமைப் பூட்டியே வச்சிருந்தோம். இன்னிக்கு நீங்கதான் முதல்ல வர்றீங்க."

"அப்போ போணி நம்ம கையாலதான்," என்றான் மீட்டர்.

பணிப்பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளியே மற்ற அறைகளிலிருந்து கசிந்துகொண்டிருந்த பாட்டும் கைத்தட்டலும் கத்தரித்த மாதிரி நின்றன. சுவர் முழுக்கக் கருஞ்சிவப்புத் துணி போர்த்திய பஞ்சு மெத்தை. அந்த அறையில் பேசினால் குரல் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருவதில்லை. போன இடத்திலேயே இருந்துவிடுகிறது. ஸ்டுடியோவும் அப்படித்தான் என்பதால் நாலு பேருக்கும் அது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

மீட்டர் ஒலிப்பதிவாளன். எதிரில் யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல், ஒலி அளவு காட்டும் முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தே பழகியவன். வில்லன், தினமும் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்கு வருகிற சாது. ஆனால் மைக் முன்னால் நின்று அவர் சிரித்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். மாமியாருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. தொடர்களில் மருமகள்களை விரட்டி விரட்டி அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. சிட்டு குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பவள். பள்ளிக்கூடப் பையனாகவும், அணில்குஞ்சாகவும், பல் விழுந்த குட்டி டிராகனாகவும் அவள் பேசிய பேச்சில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. டிராகன் தொடரின் கடைசிக் காட்சி அன்று மாலைதான் முடிந்திருந்தது. ஒரு தொடர் முடிந்தால் நாலு பேரும் சேர்ந்து கரோக்கி போவது வழக்கம். வயிற்றுக்குப் பேசினது போதும், இனி வாய்க்குக் கொஞ்சம் என்பார் வில்லன்.

கதவோரமாக மீட்டர், அவனை அடுத்து வில்லன், அப்புறம் மாமியார், கடைசியில் சோபா போய்ச் சுவரில் முட்டுகிற மூலையில் சிட்டு. அவளுடைய வலது தோள் சுவர் மெத்தையில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், உட்கார்ந்திருப்பவர் தலை உயரத்தில், மெத்தை ஒரு குழியாக அமுங்கியிருந்ததை அவள் கவனித்தாள். யாரோ வருஷக்கணக்காகத் தலை சாய்த்துச் சாய்த்து உண்டான குழி. ஆனால் மேல் துணியில் தலை பட்டுத் தேய்ந்த தடமே இல்லை. சுவருக்குள்ளிருந்து யாரோ மெத்தையை இழுத்து அணைத்துக்கொண்டால்தான் இப்படி அமுங்கும்.

இந்த நினைப்பு அவளுக்கே சிரிப்பாக இருந்தது. அதற்குள் போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, போய்ச் சேர்ந்துட்டியா?"

"வந்துட்டேம்பா. சாப்பாட்டை மேசை மேலயே வச்சிருக்கேன். ஆறிப் போகறதுக்குள்ள சாப்பிடுங்க."

"சாப்பிட்டாச்சு, பாத்திரமும் கழுவியாச்சு. பக்கத்துல யாரும்மா? மூச்சு வாங்குதே பாவம்."

சிட்டு திரும்பிப் பார்த்தாள். இடது பக்கத்தில் இருந்த மாமியார் எழுந்து போய்ப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் சுவர்.

"யாருமில்லப்பா. காத்து. ஏசி ஓடுது."

"சரி சரி. கிளம்பும்போது கூப்பிடு."

அப்பாவுக்குக் கண் போய் நாலு வருஷம் ஆகிறது. சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணையும், அதற்கே பழகிக்கொள்ளும் முன் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டது. அப்புறம் ஒரு நாள், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தேன் என்று சொல்லி ஒருவன் உள்ளே நுழைந்து, அவரைச் சுவரோரம் தள்ளிவிட்டு அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து உள்ளே தாழ்ப்பாள். வெளியே சாவி இருந்தாலும் பயனில்லை. தட்டினால் திறக்க மாட்டார், மணி அடித்தால் திறக்க மாட்டார். சிட்டு வாசலில் நின்று, "அப்பா, நான்தான்" என்று தன் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். அப்போதுதான் தாழ்ப்பாள் விலகும்.

"உங்கப்பாவை நினைச்சாலே எனக்குப் பயம்," என்றார் வில்லன். "அன்னிக்கு நீ மாத்திரை குடுத்து அனுப்பினியே, அரை மணி நேரம் வாசல்ல நின்னு கெஞ்சினேன். குரலைக் கேட்டாலே திருடன்னு தெரியுது, போயிடுன்னுட்டாரு."

"நீங்களாவது பரவால்ல," என்றாள் மாமியார். "நான் இவ குரல்லயே கூப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசல். உள்ளேயிருந்து சொல்றாரு, நல்லா இருக்கும்மா, ஆனா என் பொண்ணு இல்லன்னு. எத்தனை பேரை அழ வச்ச குரல் இது! அவர்கிட்ட மட்டும் செல்லுபடியாகல."

எல்லோரும் சிரித்தார்கள். சிட்டுவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஊரே அவள் குரலை அணில் என்றும் டிராகன் என்றும் தெரிந்துவைத்திருக்கிறது. அவளை அவளாகத் தெரிந்த காது ஒன்றே ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் வழக்கமான பாட்டுகள் ஓடின. பிறகு மீட்டர் தன் மேல்சட்டையைக் கழற்றி, பாட்டு வரிகள் ஓடும் திரையின் மேல் போர்த்தினான். "ஆரம்பிக்கலாமா? குரல் மாத்து."

அது அவர்களே கண்டுபிடித்த விளையாட்டு. விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒருவர் மைக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "இந்தா, வச்சுக்க" என்பார். வாங்கியவர் கொடுத்தவருடைய குரலில் ஒரு பாட்டைப் பாட வேண்டும். பாடி முடித்ததும் மைக்கை நீட்டி, "இந்தா, உன்னோடது" என்பார். குரலுக்குச் சொந்தக்காரர், "வாங்கிக்கிட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சொல் வந்ததற்குக் காரணம் வில்லன். ஒரு முறை ஒரு அரக்கனுக்குப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனவர், அந்தக் குரலிலிருந்து இறங்க முடியாமல், சாப்பிட வாங்க என்று குழந்தைகளைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. என் குரலை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன் போலிருக்கு, திருப்பி வாங்கலை என்று மறுநாள் அவர் சொல்ல, அதுவே சடங்காகிவிட்டது. யார் மற்றவர்களை நன்றாக ஏமாற்றுகிறார்களோ அவர்களுக்குக் கப். ஸ்டுடியோ கேன்டீனில் காது உடைந்து போன ஒரு காபிக் கோப்பைதான் அது. அதற்காக அடிதடி நடக்கும்.

விளக்கு அணைந்தது. பாட்டுப் பெட்டியின் சிவப்புப் புள்ளி ஒன்றைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அதுவும் எதையும் காட்டுகிற வெளிச்சம் அல்ல. முதலில் வில்லன், மீட்டரின் மூக்கடைத்த குரலில், நடுநடுவே "ஏறுது, ஏறுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சேர்த்து ஒரு காதல் பாட்டைப் பாடினார். அடுத்து வில்லனின் குரலை மாமியார் வாங்கிக்கொண்டு ஒரு கும்மாளப் பாட்டை உறுமினாள். பிறகு மாமியாரின் குரல் சிட்டுவிடம் வந்தது. மூக்கை உறிஞ்சி, விம்மி, "இந்த வீட்டுக்கு வாழ வந்தவளே" என்று பாட்டில் இல்லாத வசனத்தை நடுவில் போட்டு அவள் பாடியபோது, இருட்டில் ஒரு மெத்தைத் தலையணை வந்து அவள் முகத்தில் விழுந்தது.

"இந்தா, உன்னோடது."

"வாங்கிக்கிட்டேண்டி, பிசாசே," என்றாள் மாமியார்.

இனி சிட்டுவின் குரல்தான் பாக்கி. அதை வாங்க வேண்டியவன் மீட்டர். அவன் கதவோரத்திலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி, இருட்டில் தட்டுத் தடுமாறி அவளிடம் வர வேண்டும். அவள் மைக்கை முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய தாலாட்டின் முன்னிசை ஆரம்பித்துவிட்டது. துணி உரசும் சத்தம் கேட்டது. விரல்கள் வந்து அவள் விரல்களின் மேல் பட்டு, மைக்கைப் பற்றின. ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தன.

"இந்தா, வச்சுக்க," என்றாள்.

மைக் கையை விட்டுப் போனது.

பாட்டு தொடங்கியது. முதல் வரியில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அடேயப்பா, மீட்டருக்கு இப்படிக் கூட வருமா என்கிற ஆச்சரியம். இரண்டாவது வரியில் சிரிப்பு அடங்கியது. அது அவளைப் போலப் பாடுகிற குரல் அல்ல. சின்ன வயதில் ஒரு மீன்முள் சிக்கி, அதை எடுத்த இடத்தில் அவள் தொண்டையில் ஒரு தழும்பு இருக்கிறது. மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு இடத்தில் அது லேசாகக் கரகரக்கும். அந்த இடம் வருவதற்கு முன்பே அவள் குரலை வளைத்து, கரகரப்பைத் தாண்டிப் போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. இருட்டில் பாடிய குரல் அந்த இடத்துக்கு வந்தது. வளைந்தது. தாண்டியது.

வெளியிலிருந்து கேட்டுக் கற்றுக்கொள்ளக்கூடியது இல்லை அது. உள்ளே இருந்தால்தான் தெரியும்.

அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. உதடுகள் மூடித்தான் இருந்தன. பாட்டு அறையை நிரப்பி, மெத்தைச் சுவர்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கை முன்பக்கமிருந்து வரவில்லை. இடது பக்கமிருந்தும் வரவில்லை.

பாட்டு முடிந்தது. "இந்தா, உன்னோடது" என்று யாரும் சொல்லவில்லை.

விளக்கைப் போட்டது வில்லன். மீட்டர் கதவோரத்தில், இருந்த இடத்திலேயே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! உன் குரலை நீயே பாடிட்டியே. நான் எழுந்து வரதுக்குள்ள என்ன அவசரம்?"

"நீதானே வந்து வாங்கினே?" என்று கேட்டாள் சிட்டு. கேட்ட பிறகுதான் தன் குரலைக் கவனித்தாள். மெலிந்து, சுரண்டியெடுத்தது போல இருந்தது. கடைசி எழுத்துகள் காற்றாகிப் போயின.

"நானா? அண்ணே, நான் எழுந்தேனா?"

"எங்க எழுந்தே? உன் கால் இடிச்சு என் முட்டி வலிக்குது," என்றார் வில்லன்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்," என்றான் மீட்டர். அவன் குரலில் வேலைநேரத்து அக்கறை வந்திருந்தது. "இத்தனை வருஷமா உன் ரெக்கார்டிங்ல நான் உட்கார்ந்து வெட்டறது ஒரே ஒரு விஷயம்தான். ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் ஹப்புனு ஒரு மூச்சு இழுப்பே பாரு, அது. இப்ப அது இல்லவே இல்ல. முழுப் பாட்டுக்கும் ஒரு தடவை கூட நீ மூச்சே எடுக்கல. எங்க கத்துக்கிட்டே?"

சிட்டு வலது பக்கம் திரும்பினாள். சுவர். கருஞ்சிவப்புத் துணி. குழி இருந்த இடத்தில் குழி இல்லை. மெத்தை புடைத்துச் சமமாக இருந்தது. கீழே, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடுக்கின் முன்னால், மைக் தரையில் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. குனிந்து எடுத்தாள். பஞ்சு உறை காய்ந்து, ஜில்லென்று இருந்தது.

"சொல்லுடி, வாங்கிக்கிட்டேன்னு. யார்கிட்ட வாங்கினேன்னு அப்புறம் சண்டை போடலாம்," என்றாள் மாமியார்.

சிட்டு வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, உதடுகள் அசைந்தன, நெஞ்சிலிருந்து காற்று கிளம்பி வந்தது. காற்று மட்டும் வந்தது.

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீட்டர் மேசையைத் தட்டினான். "கப் இவளுக்குத்தான். குரலை நிஜமாவே குடுத்துட்டாளாம்!"

அவள் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து பார்த்தாள். சிவப்பில்லை, வீக்கமில்லை, வலியில்லை. பள்ளிக்கூடப் பையனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அணிலைக் கூப்பிட்டாள். பல் விழுந்த டிராகனை, அன்று மாலை வரை தொண்டையில் குடியிருந்த குட்டி டிராகனை, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. இருமினாள். இருமலுக்கும் சத்தம் இல்லை. குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரின் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

திரும்பி வந்து போனில் தட்டிக் காட்டினாள்: நிஜமாவே வரலை.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் வில்லன். "ஏய், முகம் வெளுத்துப் போச்சே. தொண்டை கட்டியிருக்கும்மா. வெந்நீர் வாங்கிட்டு வரேன், இரு."

"நான் இவ அப்பாவுக்குச் சொல்லிடறேன். இவ பேசலைன்னா பயந்துருவாரு," என்று மாமியார் தன் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

அப்பா உடனே எடுத்தார். "சொல்லும்மா."

"அப்பா, சிட்டுவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பேச முடியல. நான் கூட்டிட்டு வந்து விடறேன், பயப்படாதீங்க."

அந்தப் பக்கம் அப்பாவின் சிரிப்பு. "என்னம்மா விளையாடறீங்களா? இப்பதானே பேசினா. நல்லாத்தானே பேசினா. கிளம்பிட்டேம்பா, கதவு பக்கத்துலயே உட்கார்ந்திருங்கன்னா."

மாமியார் போனை வைத்துவிட்டுச் சிட்டுவை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்ரூம் போறேன்னு போய் அப்பாகிட்ட பேசிட்டு வர்றியா? எங்ககிட்ட மட்டும் ஊமை நாடகமா?"

சிட்டு தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. கழிப்பறைக்கு எடுத்துப் போகாமல் மேசையிலேயே விட்டிருந்த தன் போனை எடுத்து நீட்டினாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, பின்னால் மீட்டர், "நடிப்புல பின்றா" என்று சொல்வது கேட்டது.

மாமியார்தான் தன் காரில் கூட்டிப் போனாள். முதலில் கேலி பேசினாள். சிக்னலில் நின்றபோது திரும்பி, சிட்டு இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கேலி நின்றது.

"நிஜமாவா?"

சிட்டு தலையசைத்தாள்.

"சரி, அழாத. காலைல முதல் வேலையா டாக்டரைப் பார்ப்போம். இத்தனை மணி நேரம் டிராகன் மாதிரி கத்தினா எந்தத் தொண்டைதான் தாங்கும்?" அவள் சிட்டுவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கியரைப் போட்டாள். அப்புறம், யோசித்து, மெதுவாக, "ஆனா அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?" என்றாள். மழைக்குப் பிந்தைய தெருவில் டயர்களின் ஈரச் சத்தம், வைப்பரின் ரப்பர் கண்ணாடியில் இழுபடும் சத்தம், சிட்டுவின் மூச்சு. ஹப். ஹப். மீட்டர் வெட்டி எறிந்த அத்தனை மூச்சும் ஒன்றாகத் திரும்பி வந்ததைப் போல.

"நீ உள்ள போற வரைக்கும் இங்கயே நிக்கறேன்," என்றாள் மாமியார். "கதவு திறந்ததும் ஜன்னல்ல வந்து கை காட்டு."

சிட்டு மூன்று மாடியும் ஏறினாள். எதிர் வீடு காலியாகிப் பல மாதம் ஆகிறது. படிக்கட்டில் ஒரே ஒரு குண்டு பல்பு. தன் வீட்டுக் கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

அப்பாவுக்கு விளக்குத் தேவையில்லை. அவர் தனியாக இருக்கும்போது வீடு இருட்டாகத்தான் இருக்கும்.

உள்ளே பேச்சுக் குரல்.

"...அப்புறம் அந்த வில்லன் அண்ணன் இருக்காரே, அவரு மீட்டர் மாதிரியே பாடினாருப்பா. மூக்கடைச்ச குரல்ல. ஏறுது, ஏறுதுன்னு."

அப்பா சிரித்தார். வயிறு குலுங்கச் சிரிக்கும் சிரிப்பு. அது கடைசியில் இருமலாக முடியும். முடிந்தது. "தண்ணி குடிங்கப்பா," என்றது சிட்டுவின் குரல்.

அவள் கதவைத் தட்டினாள். உள்ளங்கையால். பிறகு முஷ்டியால்.

"யாரும்மா அது?" என்றார் அப்பா.

"இருங்க, நான் பார்க்கறேன்." நாற்காலி நகரும் சத்தம் இல்லை. காலடிச் சத்தம் இல்லை. கொஞ்சம் கழித்து, "தெரியாத ஆளா இருக்குப்பா. விடுங்க, தானா போயிடும்."

"திறக்காத பாப்பா. தாழ்ப்பாள் போட்டிருக்கில்ல?"

"போட்டிருக்குப்பா."

சிட்டு படிக்கட்டு ஜன்னலுக்கு ஓடினாள். கீழே கார் நின்றது. உள்விளக்கு எரிந்தது. மாமியார் போனைக் காதில் வைத்திருந்தாள். யாரோ சொல்வதைக் கேட்டு அவள் தோள்கள் மெல்லத் தளர்வதும், முகம் மலர்வதும், தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பதும் மூன்று மாடி உயரத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஜன்னலை அல்ல. வீட்டுக்குள் வெளிச்சம் எரியும் ஜன்னலை. அங்கே யாருக்கோ கை காட்டினாள். சிட்டு கண்ணாடியை அறைந்தாள். போன் விளக்கைப் போட்டு ஆட்டினாள். உள்விளக்கு அணைந்தது. கார் போய்விட்டது.

போனில் மாமியாருக்குத் தட்டினாள்: அது நான் இல்லை. திரும்பி வா.

பதில் உடனே வந்தது. 'போதும்டி நடிப்பு. பாதி வழி அழ வச்சுட்டே. கப் உனக்குத்தான். தூங்கு.'

பல்பு ஒரு முறை சிமிட்டியது.

கதவுக்குத் திரும்பினாள். மண்டியிட்டாள். சாவித் துவாரத்தில் வாயை வைத்தாள். அப்பா. காற்று. அப்பா, நான்தான். காற்று. உள்ளே இருந்த பேச்சு நின்றது.

"பாப்பா," என்றார் அப்பா. தலையைச் சாய்த்துக் கேட்கும்போது அவர் குரல் இப்படித்தான் தணியும். "கதவுக்கு வெளியில யாரோ மூச்சு விடறாங்க."

அவள் ஊதினாள். இன்னும் பலமாக. அப்பா. அப்பா.

"ஹப்புனு... உன்னோட மூச்சு மாதிரியே இருக்கேம்மா."

கேளுங்கள். இன்னும் கேளுங்கள்.

"யாருமில்லப்பா," என்றது அவள் குரல். "காத்து."

"அப்படியா?"

"நான் சொல்றேனில்ல. போய்ப் படுங்க."

அப்பாவின் கைத்தடியின் தட்டல். ஒன்று. இன்னொன்று. தள்ளிப் போயிற்று. படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டது. சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் விளக்கு அணைந்தது. கதவின் கீழ் இடுக்கு கறுத்தது.

அவள் எழவில்லை. துவாரத்தில் காதை வைத்தாள். மறுபக்கத்தில் மூச்சு இல்லை. துணி உரசல் இல்லை. எதுவும் இல்லை. பிறகு, அவள் காதுக்கு நேராக, அதே உயரத்தில், மண்டியிட்டிருப்பவருடைய உயரத்தில், மிக மெல்ல:

"வச்சுக்கன்னு சொன்னது நீதானே?"

அந்தச் சொற்களில் காற்று இல்லை. துவாரத்தின் பித்தளை விளிம்பு, அந்த மைக்கின் உறையைப் போலவே, ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளுடைய வாய் பட்ட இடம்.